வலது பக்க இருக்கை

ஜூலை 3, புதன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை நாற்பது நிமிஷம் என் மச்சினனின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லேசாகத் தொட்டுக்கொண்டு அல்ல. டவுன் பஸ்ஸில் நின்றபடி போகிறவன் கம்பியைப் பிடிக்கிற பிடி.

"அத்தான், காலை விடுங்க."

"விட மாட்டேன்."

"நான் பெடல மிதிக்கணும் அத்தான். மிதிக்காட்டி பிளேன் கோணப் போகும்."

விட்டேன். இடது கையை விட்டுவிட்டு வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கதவு எங்கள் வீட்டுப் பழைய பீரோ கதவைவிட மெல்லிசு.

ஐம்பத்து நாலு வயசு. அதில் இருபத்தாறு வருஷம் கண்ட்ரோல் டவரில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான விமானங்களை 'இறங்கு', 'ஏறு', 'நில்லு' என்று மேய்த்தவன் நான். அவற்றில் எதற்குள்ளும் விருப்பப்பட்டு ஏறியதில்லை. மாட்டு டாக்டர் மாட்டின்மேல் ஏறியா போகிறார்?

மச்சினன் பெயர் சங்கரலிங்கம். போட்ஸ்வானாவில் மவுன் என்கிற ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் விற்கிறான். நாற்பத்தேழு வயசு, கல்யாணம் ஆகவில்லை. ஒரு பல் டாக்டரோடு பங்கு போட்டு, ஒற்றை எஞ்சின், நாலு இருக்கை கொண்ட பழைய விமானம் ஒன்று வைத்திருக்கிறான். அதில்தான் இரண்டு வாரம் என்னைச் சஃபாரி முகாம் முகாமாகச் சுற்றிக் காட்டப்போகிறான். என் மனைவி கோமதி என்னை இங்கே அனுப்பியதற்குச் சொன்ன காரணம், மாற்றம் வேண்டும். சொல்லாத காரணம், தம்பிக்கு இங்கே யாராவது இருக்கிறாளா என்று துப்பறிய வேண்டும்.

எனக்கு இப்போது விடுப்பு. நானாக எடுத்ததில்லை, கொடுத்தது. ஆபீஸில் ஒரு சின்ன விசாரணை. மைக் பட்டன் சம்பந்தப்பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. தினம் நாலு வரி எழுதினால் தூக்கம் வரும் என்று இலாகா டாக்டர் சொன்னார். எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

டவர் இல்லாத ஓடுதளத்தில் முதல் தடவை இறங்கினேன். ஓடுதளம் என்பது மரியாதைச் சொல். புதரை வெட்டி ஒதுக்கிய செம்மண் வண்டித்தடம்.

"இறங்க யாருகிட்ட கேக்கணும்?" என்றேன்.

"கேக்கவே வேண்டாம். சொன்னா போதும்."

"யாருகிட்ட?"

"இருக்கிறவங்ககிட்ட."

"யாரு இருக்கா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு அத்தான் சொல்லுதேன்?"

இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. வருகிறவன் ஓடுதளத்தின் பெயரைச் சொல்கிறான். தான் எங்கே, எந்த உயரத்தில், என்ன செய்யப்போகிறேன் என்கிறான். முடிக்கும்போது மறுபடியும் ஓடுதளத்தின் பெயர். அவ்வளவுதான். பதில் வராது. பதில் வராவிட்டால் யாருமில்லை என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் ஒருவன் பேசி மற்றவன் பதில் சொல்லாவிட்டால் மெமோ.

முதலில் தாழப் பறந்து ஒரு சுற்று. காற்றின் திசை காட்டும் துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்க, கூடவே ஓடுதளத்தில் நிற்கிற காட்டுப்பன்றிகளை விரட்ட. பன்றிகள் ஓடிவிட்டன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று மட்டும் நகராமல், எங்கள் பழைய டைரக்டர் மாதிரி, மேலிருந்து எங்களையே பார்த்தது.

இறங்கியதும் லிங்கம் அரிவாளைக் கையில் கொடுத்தான். "முள்ளு வெட்டியாங்க."

"என்னத்துக்கு?"

"டயரச் சுத்தி முள்ளு வைக்கணும். இல்லேன்னா காலைல கழுதைப்புலி ரப்பரக் கடிச்சுத் தின்னிருக்கும்."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். முகாம் காவலாளி கடித்துக் குதறிய ஒரு டயரைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று சக்கரத்துக்கும் வேலி கட்டினேன். பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. பார்க்க அங்கே யாருமில்லை என்பது இந்த ஊரின் ஒரே வசதி.

முகாமில் வைஃபை இருந்தது. ஜெபராஜின் காலை வணக்கம் வந்திருந்தது. சிவப்பு ரோஜா, பனித்துளி, ஒரு பைபிள் வசனம். எங்கள் டவரில் கருவிகளைப் பராமரிக்கிற டெக்னீஷியன் அவர். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். பிப்ரவரிக்குப் பிறகும் ஒரு நாள் விடாமல் எனக்கு ரோஜா அனுப்புகிறார். நிறுத்தித் தொலைக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

பலத்த காற்று. கிளம்பவில்லை. ஃபோனை முப்பது தடவை பார்த்தேன். கூடாரத்துக்கும் விமானத்துக்கும் நடந்து நடந்து ஒரு தனிப் பாதையே விழுந்துவிட்டது. "பிராணிகள் இதை வழின்னு நெனச்சுக்கப் போகுது அத்தான்" என்றான் லிங்கம்.

ஜூலை 6, சனி

நமீபியாவுக்குள் வந்துவிட்டோம். எல்லை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய அதிகாரி என் தொழிலைப் படித்துவிட்டு, "கண்ட்ரோலரா? இங்கே கண்ட்ரோல் பண்ண ஒன்றுமில்லையே" என்றார். பார்க்கலாம் என்றேன்.

இன்று முதல் நானும் ரேடியோவில் பேசுகிறேன். வலது பக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிடி இருக்கிறது, அதில் ஒரு பட்டன். லிங்கத்திடம் கேட்டேன். ஒரு நொடி யோசித்தான். "அழுத்திப் பேசுங்க அத்தான், ஒங்களுக்கும் பொழுது போகும்" என்றான்.

பேசினேன்! என் குரலை ஹெட்செட்டில் கேட்க எனக்கே தேவாமிர்தம். ஓடுதளத்தின் பெயர், திசை, உயரம், மறுபடி பெயர். சுத்தமான உச்சரிப்பு. இந்த வானம் இதற்கு முன் இப்படி ஒரு குரலைக் கேட்டிருக்காது.

ஒரே குறை. நான் சொல்லி முடித்ததும் லிங்கம் அதையே தானும் ஒரு தடவை சொல்கிறான், பயிற்சிக்கு வந்த பையன் பேசியதை வாத்தியார் திருத்துவதுபோல. கேட்டால் "பழக்கம் அத்தான்" என்கிறான். இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரனுக்கு இது அவமானம். விட்டுக்கொடுத்தேன். அவன் பெட்ரோல்.

கோமதிக்குத் தகவல்: இருக்கிறாள். பெயர் போனோலோ. முகாம்களுக்குக் காய்கறி, முட்டை எல்லாம் விமானத்தில் கொண்டுபோகிறவள். நாற்பது இருக்கலாம். இன்று ரேடியோவில் அவள் குரல் வந்ததும் லிங்கத்தின் குரல் இரண்டு கட்டை இறங்கியது. மோட்டார் விற்கிறவன் பேசுகிற குரல் இல்லை அது.

ஜூலை 8, திங்கள்

இன்று ரோஜா வரவில்லை.

சிக்னல் இல்லையோ என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு கரையான் புற்றின்மேல் ஏறி நின்றேன். கோமதியின் செய்தி வருகிறது, மின்வாரியச் செய்தி வருகிறது, ரோஜா மட்டும் இல்லை.

சரி, எழுதிவிடுகிறேன். எந்த விமான நிலையம் என்று சொல்ல மாட்டேன், விசாரணை நடக்கிறது. பிப்ரவரியில் ஒரு காலை. ஒரு விமானத்தை ஓடுதளத்தில் ஏறி நிற்கச் சொல்லியிருந்தேன். இன்னொன்று இறங்க வந்துகொண்டிருந்தது. வருகிறதை 'இறங்காதே, மேலே போ' என்று சொல்ல வேண்டும். பதினோரு விநாடி ரேடியோவில் சத்தம் இல்லை. வந்த பைலட்டே கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பட்டனை அழுத்தினேன், மைக் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கருவிகள் என்றால் கோளாறு வரத்தானே செய்யும்?

அன்று காலை அந்த மைக்கைச் சோதித்து, 'சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டவர் ஜெபராஜ். அதற்குப் பிறகு மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் சரியாக இருந்தது. விட்டு விட்டு வருகிற கோளாறாக இருக்கும், அதைக் கண்டுபிடிக்காதது டெக்னீஷியனின் தப்பு என்று கமிட்டி அவருக்கு மெமோ கொடுத்தது.

மெமோ வந்த அன்று கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் ஒழுங்காப் பாக்கல போல" என்றார். வடையைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார்.

இந்த முகாமில் சாப்பாடு சரியில்லை. பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரோஜா இல்லை. எஞ்சினில் எண்ணெய் அளவு பார்த்தேன். லிங்கம் ஏற்கெனவே பார்த்துவிட்டான். மறுபடி பார்த்தேன்.

ஜூலை 10, புதன்

கோமதி கூப்பிட்டாள். முதல் பத்து நிமிஷம் போனோலோவைப் பற்றி. உயரம் எவ்வளவு, சைவமா, தம்பி இளைத்திருக்கிறானா. மாட்டிறைச்சி இந்த நாட்டின் தேசிய உணவு என்று சொன்னேன். "பரவால்ல, குணம்தான் முக்கியம்" என்றாள். என் கல்யாணத்தின்போது இவள் வீட்டில் யாரும் இப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை.

பிறகு குரல் மாறியது.

"ஏங்க, ஜெபராஜ் அண்ணன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாம். காய்கறிக் கடையில அவர் வீட்டம்மாவப் பாத்தேன். எப்பவும் நின்னு பேசுவாங்க. இன்னிக்கு வெண்டைக்காயப் போட்டுட்டு அந்தப் பக்கமாப் போயிட்டாங்க."

"அடப் பாவமே."

"ஏங்க."

"என்ன?"

"அன்னிக்கு நீங்க நெசமாவே பேசுனீங்கல்லா?"

"அலோ? அலோ? கேக்கலை. சிக்னல் விட்டு விட்டு வருது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான்கு கோடு சிக்னல் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

எழுத்து கோணலாக வந்தால் மன்னிக்கவும். மன்னிக்க வேண்டியவனும் நான்தான்.

செரோங்வே என்ற ஓடுதளத்துக்குப் போனோம். தூரத்தில் எங்கோ புல் எரிந்து வானமெல்லாம் புகை, சாம்பல் கரைத்த மோர் மாதிரி. காற்று துளிகூட இல்லை. காற்று இருந்தால் எல்லாரும் அதை எதிர்த்து ஒரே பக்கமிருந்து இறங்குவார்கள். இல்லாத நாளில் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஆபத்தே அங்கேதான்.

லிங்கம் வழக்கம்போலச் சொன்னான்: செரோங்வே, கிழக்கேயிருந்து நேராக இறங்குகிறேன், செரோங்வே. அவன் பட்டனை விட்ட அதே கணம் ஹெட்செட்டில் ஒரே ஒரு சொல்.

"...செரோங்வே."

எங்கள் குரல் இல்லை. வேறு யாரோ, நாங்கள் பேசிய அதே நேரத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். நாம் பேசும்போது மற்றவர் பேசுவது கேட்காது. அவர் சொன்ன இடம், திசை, உயரம் எல்லாம் போயிற்று. முடிக்கும்போது ஊர் பெயரைச் சொல்கிற இந்த வழக்கத்தால் வால் மட்டும் காதில் விழுந்தது. இன்னொரு விமானம் இருக்கிறது. இதே ஓடுதளத்துக்கு வருகிறது.

லிங்கம் ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. புகைக்குள், எங்கள் உயரத்திலேயே, நேர் எதிரே ஒரு மினுக்கல்.

பட்டன்மேல் என் கட்டைவிரல் இருந்தது. வாய் திறக்கவில்லை.

ஒன்று. இரண்டு. இதே மாதிரிதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் பார்க்கிறது, மூளை சொல்கிறது, நடுவில் யாரோ கதவைப் பூட்டிவிட்டார்கள். மூன்று. ஜெபராஜ் வடையைப் பிய்க்கிறார். நாலு.

அழுத்தினேன். "செரோங்வே, எதிரே வரும் விமானம், உடனே வலப்பக்கம் திரும்பு, வலப்பக்கம்!" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன், அடுத்த மூச்சில், "வலதுல போம்மா! தாயே, வலதுல போ!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

அது வலப்பக்கம் திரும்பியது. நாங்களும் எங்கள் வலப்பக்கம் சாய்ந்து ஏறினோம். இடது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முட்டை அட்டைகள் அடுக்கிய வெள்ளை விமானம். போனோலோ.

ஆபத்தில் மொழி ஒரு தடையே இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

இறங்கி, சக்கரத்துக்கு முள் வைக்கக்கூட மறந்து, நேரே அவளிடம் போனேன். லிங்கம் முந்திக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி நின்றான். (கோமதிக்கு: இரண்டு கையாலும்.) அவள் என்னைப் பார்த்து, "கடவுள் புண்ணியம், உங்கள் விமானத்தைப் பார்த்துவிட்டேன், திருப்பிவிட்டேன்" என்றாள். அடக்கமான பெண். "நான் தமிழில் சொன்னதும் புரிந்ததா?" என்று கேட்டேன். அவள் லிங்கத்தைப் பார்த்தாள். லிங்கம், "அத்தான், வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

முகாமில் குளித்தேன். டீ குடித்தேன். அப்புறம் ஃபோனை எடுத்துக் கமிட்டிக்கு எழுதினேன். நகல் இங்கே:

'பிப்ரவரி சம்பவம் தொடர்பாக நான் கொடுத்த வாக்குமூலம் பொய். மைக் சரியாக இருந்தது. நான் பட்டனை அழுத்தவே இல்லை. பதினோரு விநாடி எனக்குப் பேச்சு வரவில்லை. திரு. ஜெபராஜ் சோதித்துப் போட்ட கையெழுத்து உண்மையானது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. இதன் விளைவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.'

இத்தனை மாதம் வராத வரிகள், நாலே நிமிஷத்தில் வந்தன. இன்று பேசினேன் அல்லவா? பேசுவது எப்படி இருக்கும் என்று உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று பேசவில்லை என்று எழுத அந்தத் தைரியம் போதுமாக இருந்தது. ஒரு தடவையாவது என் குரல் இரண்டு விமானத்தைப் பிரித்து அனுப்பியிருக்கிறது. இனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஜூலை 12, வெள்ளி

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னலைக் குறை சொல்லாமல் சொன்னேன்.

"அப்ப வேலை?"

"போகலாம். டவர்ல இனி உட்கார விட மாட்டாங்க. எங்கயாவது ஃபைல் தள்ளச் சொல்லுவாங்க."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பேசலைன்னு. தெனம் தூக்கத்துல 'மேல போ, மேல போ'ன்னு கத்துதீங்களே. அன்னிக்கே சொல்லியிருந்தா இப்ப எதுக்குங்க ராத்திரி ராத்திரி சொல்லணும்?"

இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தினால் வருகிற கெடுதல் இது. பிறகு, நான் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெபராஜ் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும், தானும் கூட வருவதாகவும் சொன்னாள். "அவரு வையட்டும். வாயத் தொறக்காம நின்னு வாங்கிக்கிடுங்க. அது ஒங்களுக்கு வரும்லா" என்றாள்.

பேசி முடித்துப் பார்க்கிறேன், கூடாரத் துணியைக் காற்று அடிக்கிறது. அது இவ்வளவு நேரமும் அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

ரோஜா வந்தது. மஞ்சள். வசனம். வேறு ஒரு சொல் இல்லை. ஏழு தடவை திறந்து பார்த்தேன்.

பதிலுக்கு என்ன அனுப்புவது என்று தெரியாமல், முள்வேலிக்குள் நிற்கிற விமானச் சக்கரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது.

ஜூலை 15, திங்கள்

மவுனுக்குத் திரும்பிவிட்டோம். இங்கே டவர் இருக்கிறது. 'இறங்கலாம்' என்று ஒரு பெண்குரல் சொன்னதும் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. தொடையைப் பிடிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

விமானத்துக்கு வருஷாந்தரச் சோதனை. மெக்கானிக் ஒரு வயசாளி, பேசவே மாட்டார், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து எழுதுவார். அவர் எழுதிய தாள் இறக்கைமேல் கிடந்தது. மற்றவன் வேலைத் தாளைப் படிப்பது என் பிறவிக் குணம். டயர் தேய்மானம், பேட்டரி, கதவுத் தாழ்ப்பாள் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவன் ஏழாவது வரியில் நின்றேன்.

லிங்கத்தைக் கூப்பிட்டேன். தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இறக்கைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அத்தான், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அக்காதான் சொன்னா. 'அவர மைக் வேலை செய்யாத பக்கமாப் பாத்து உட்கார வை, இல்லேன்னா ஆப்பிரிக்கா முழுக்கக் கண்ட்ரோல் பண்ணிக்கிட்டு வருவாரு'ன்னா. நீங்க பேசுனது ஒங்க காதுக்கும் என் காதுக்கும்தான் கேட்டுச்சு."

"செரோங்வேயில?"

"அந்த வால் எனக்கும் கேட்டுச்சு. அதான் வாயத் தொறக்காம முன்னால தேடிட்டிருந்தேன். எதிர எதிர வந்தா ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்கணும், இது மொத நாள் பாடம். அவளும் பாத்தா, நானும் பாத்தேன், ஒதுங்குனோம். நீங்க 'தாயே'ன்னப்ப நான் பாதி திரும்பிட்டேன்."

கமிட்டிக்குக் கடிதம் போய் நாலு நாளாகிறது. ஜெபராஜை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று காலையில்தான் கோமதி எழுதியிருந்தாள். இப்போது நான் யாரிடம் போய், பட்டனை அழுத்தினேன், பேசினேன், மைக்தான் வேலை செய்யவில்லை என்று சொல்ல?

ஏழாவது வரியை அப்படியே எழுதி வைக்கிறேன்: 'வலது பக்கப் பேச்சு பட்டன். கம்பி அறுந்துள்ளது. மார்ச் 2 முதல்.'